ஜமாஅத் மையவாடிகளில் திருநருக்கு இடம் கோரும் மனு

அனுப்புநர்: இஸ்லாமியத் திருநர் சங்க நிர்வாகிகள், சென்னை.
பெறுநர்: முதன்மைச் செயல் அலுவலர், தமிழ்நாடு வக்ஃபு வாரியம், சென்னை.
பொருள்: திருநரை மறுப்பின்றி நல்லடக்கம் செய்ய முத்தவல்லிகளுக்கு உத்தரவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

சென்ற மழைக்காலத்தில் எங்கள் மூத்த அக்கா ஒருவர் மௌத்தானார். ஐவேளையும் தொழுதவர். தன் கஃபன் துணியை என்றோ வாங்கி, ஜம்ஜம் பாட்டிலோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். லுஹருக்குள் அடக்கிவிடலாம் என்றுதான் கிளம்பினோம்.

பள்ளிவாசலில் கேட்ட முதல் கேள்வி: "ஆம்பளையா, பொம்பளையா? கஃபன் மூணா, அஞ்சா?"

கேள்வியில் தப்பில்லை. ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. பதிலைக் கேட்கத்தான் யாரும் நிற்கவில்லை. ஆட்சியர் வழங்கிய பாலினச் சான்றை நீட்டினோம், வாங்கிப் பார்க்கவில்லை. சந்தா நோட்டில் பெயர் இல்லை என்றார்கள். அதில் சேர அவர் மூன்று முறை மனுக் கொடுத்துத் திரும்பியவர். கடைசியில், பல வருடமாக ஒட்டுறவே இல்லாத தம்பி வந்து பழைய ஆண் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே கபர் தோண்டினார்கள். அஸர் தாண்டிவிட்டது. எங்களை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மூன்று துணியில் போனார். மற்ற இரண்டும் இன்னும் அந்தப் பெட்டியில் கிடக்கின்றன.

மார்க்கத்தில் இதற்கு விடை இல்லாமலில்லை. ஹனஃபி நூலான ஹிதாயாவில் குன்ஸாவுக்கென்றே தனிப் பாடம் உண்டு; பெண்ணைப் போலக் கஃபனிடச் சொல்கிறது. தொழுகையில் அவர்களுக்கு எந்த ஸஃப் என்பது வரை ஃபிக்ஹ் நூல்கள் பேசியிருக்கின்றன. உடலமைப்பு தெளிவற்றவர் மட்டுமே குன்ஸா, திருநங்கையர் அதில் வரமாட்டார்கள் என்னும் ஆலிம்களும் உண்டு. அந்த விவாதம் நடக்கட்டும், மையித்தை வாசலில் கிடத்திக்கொண்டு வேண்டாம். டெல்லி மெஹ்ரோலியில் லோதி காலத்திலிருந்து ஹிஜ்ராக்களின் கபர்கள் தனி வளாகத்தில் இருக்கின்றன. நாங்கள் தனி இடம் கேட்கவில்லை. அத்தா அம்மா கிடக்கும் மண்ணைத்தான் கேட்கிறோம்.

அவரவர் பாலினத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என்று நால்சா வழக்கில் 15.4.2014 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1995ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்தின் 32ஆம் பிரிவு வக்ஃபுகளின் பொது மேற்பார்வையை வாரியத்திடம் தருகிறது. வாரியத்தின் உத்தரவை நிறைவேற்றுவது முத்தவல்லியின் கடமை என்கிறது 50ஆம் பிரிவு. ஆகவே தங்களிடம் வருகிறோம்.

பாலினத்தைக் காரணம் காட்டி எந்த மையவாடியிலும் அடக்கம் மறுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பதிவேட்டில் சான்றிலுள்ள பெயரே ஏற வேண்டும். இரத்த உறவு வராத இடத்தில், கூட வாழ்ந்தவர்களின் கையெழுத்தை ஏற்க வேண்டும். குளிப்பாட்ட ஆள் கிடைக்காவிட்டால் எங்களில் முறை தெரிந்தவர்களை அனுமதிக்க வேண்டும். சந்தா செலுத்த வருபவரைத் திருப்பி அனுப்பினால் எழுத்தில் காரணம் தர வேண்டும். இராத்திரி மௌத்துக்கு ஃபோன் எடுக்க மாவட்டத்துக்கு ஓர் அலுவலர் போதும்.

தன்பாலீர்ப்பு உள்ளவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காக இம்மனுவில் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சந்தா நோட்டில் இருக்கிற பெயரும் போய்விடும் என்று அவர்களே தடுத்துவிட்டார்கள்.

இணைப்பு: அக்காவின் பாலினச் சான்று நகல், திரும்பி வந்த சந்தா மனுக்கள் மூன்று.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்