சங்கத்துக்கு வரும் வழி எது?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. கணினியைப் பற்றிப் பேசுவோர் பலர்; அதனை வெளியுலகோடு இணைக்கும் வழி யாதென வினவுவோர் சிலரே. அவ்வழி அறுந்தால் கிடங்கில் உரமூட்டை இருந்தும் விரல்ரேகைக் கருவியில் பட்டியல் போட இயலாது. நெசவாளர் சங்கத்திலோ கூலிப் பணம் வங்கிக் கணக்குக்குச் செல்வது தடைப்படும்.

செப்புக்கம்பி, கண்ணாடி இழை, வானலை என வழிகள் மூன்று. செப்பில் இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கியிருப்பர். முறுக்கு நூலுக்கு வலிமை தருவதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. செம்பில் அது அயல் மின்சாரத்தின் இரைச்சலை அடக்குகிறது. ஆயினும் கணினிகளை இணைக்கும் இக்கம்பிக்கு 100 மீட்டரே வரம்பு. கட்டடத்துக்குள் போதும், ஊர்விட்டு ஊர் செல்ல உதவாது.

கண்ணாடி இழை தலைமயிர் அளவே பருமனுடையது; அதில் ஓடுவது ஒளி. பல பத்துக் கிலோமீட்டர் தளர்வின்றிச் செல்லும். மின்னலை உள்ளே கொணராது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கென வகுத்த பாரத்நெட் திட்டம் இதனையே முதன்மையாகக் கொண்டது. ஆனால் இழை மின்கம்பங்களின் மீது செல்லுமிடத்தில், கம்பம் சாய்ந்தால் இழையும் வீழும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எவரும் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரைபுரண்டது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கினர். கைப்பேசியும் பல ஊர்களில் ஊமையாயிற்று. கோபுரம் வானலையில் பேசினாலும் அதற்கு மின்சாரம் வேண்டும். பல கோபுரங்களின் வேர் இழையிலேயே இருக்கிறது. ‘கைப்பேசி இருக்கிறதே’ என்னும் ஆறுதல் ஆகவே அரைகுறையானது. 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வழியும் உண்டு. கனமழையில் அதுவும் மங்கக்கூடும்.

எனவே இரு வழி வேண்டும் என்பதே நம் கருத்து. இரண்டும் வெவ்வேறு பாதையில் வருதல் இன்றியமையாதது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தார் கிணறும் வெட்டி வைக்கலாம். அக்கிணற்றின் ஊற்றே கால்வாய்க் கசிவாயின் இரண்டும் ஒருங்கே வற்றும். ஒரே கம்பத்தில் வரும் இரு இழைகளும் அத்தகையனவே.

மாதக் கட்டணம் சற்றுக் கூடும் என்று செயலாளர்கள் தயங்குவர். தயக்கம் நியாயமே. ஆயினும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், இழை எந்தப் பாலத்தைக் கடக்கிறது, கோபுரத்துக்கு மாற்று மின்சாரம் எத்தனை மணி நேரம் என்னும் இரண்டையும் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்கும்படி நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம்.