ஐந்தாம் முறையும் நிற்குமா?

அமெரிக்கர் ‘பிக்கப்’ என்று அழைக்கும் வண்டி பிறவியில் உழவனுடையது. முன்னால் இரண்டு மூன்று பேர் அமர ஓர் அறை. பின்னால் வைக்கோலும் வேலிக்கம்பும் ஏற்ற ஒரு திறந்த தொட்டி. அந்தப் பொதிமாட்டைப் பந்தயத்திற்கு விட வேண்டும் என்ற ஆசை அந்நாட்டு உற்பத்தியாளர்களைப் பிடித்துக்கொண்டது. 1991-இல் வந்த ஜி.எம்.சி. சைக்ளோன் 280 குதிரைத் திறன் உடையது. சுமக்கத் தகுந்த எடையோ 500 பவுண்டுதான்! 1999-இல் ஃபோர்டு நிறுவனத்தின் லைட்னிங் 360 குதிரைத் திறனோடு மீண்டும் வந்தது. 2004-இல் டாட்ஜ் நிறுவனத்தார் தம் வைப்பர் காரின் பத்து சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி ராம் வண்டியில் வைத்தார்கள். 500 குதிரைத் திறன். மணிக்கு 154 மைல் ஓடிச் சாதனை படைத்தது. 2021-இல் வந்த ராம் டி.ஆர்.எக்ஸ். வண்டிக்கு 702.

நம் விடுதியில் இந்த எண்களை வாய்ப்பாடுபோல் ஒப்பிக்கும் நண்பர்கள் பலர் உண்டு. ‘இவ்வளவு வேகமாக ஓடுகிறதே, நிற்குமா?’ என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: “அதற்கென்ன, பெரிய பிரேக்காக மாற்றிக்கொண்டால் போயிற்று!” இந்தப் பதில் பாதி சரி, மீதிப் பாதி உயிருக்கு உலை வைப்பது என்பது என் கருத்து. நம் மன்றத்திலிருந்து கொலராடோ மாநிலத்திற்கு ஆராய்ச்சிக்குப் போயிருக்கும் நண்பர் ஒருவர் பழைய லைட்னிங் ஒன்றை வாங்கியிருக்கிறார். கடைக்காரர் ஒருவர் அவருக்குக் கொடுத்த பட்டியலை எனக்கு அனுப்பி, ‘நீ பௌதிகம் படிக்கிறவன், இதை வாங்கலாமா சொல்’ என்று கேட்டிருந்தார். முன் சக்கரங்களுக்கு மட்டும் ஆறு பிஸ்டன் கொண்ட சிவப்புக் காலிப்பர்கள், துளையிட்ட பெரிய டிஸ்குகள், அவை உள்ளே அடங்குவதற்காகப் புதிய பெரிய சக்கரங்கள். மாதச் சம்பளத்தைப்போல் பல மடங்கு விலை. ‘வண்டி இன்னும் குறைந்த தூரத்தில் நிற்கும்’ என்று தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அவருக்கு எழுதிய பதிலை விரித்து இங்கே தருகிறேன்.

முதற்கண் ஓர் உண்மை. வண்டியை நிறுத்துவது டயர். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. சாலையைப் பற்றிக்கொள்வது உள்ளங்கை அகல ரப்பர்த் துண்டுகள் நான்கு. நல்ல டயர், உலர்ந்த சாலை, உராய்வு எண் 0.9 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறத்தாழ 44 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேகம் வரும், உராய்வு எண் வரும், புவியீர்ப்பு வரும். காலிப்பரில் எத்தனை பிஸ்டன் என்பது எங்கும் வராது. அந்த லைட்னிங் வண்டிக்கு நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் பிறந்தபோதே உண்டு. அழுத்தி மிதித்ததும் மிதி காலடியில் படபடவென்று அதிர்ந்தால், டயர் தாங்கக்கூடியதற்கு மேல் பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்று பொருள். அதற்கு மேலும் வலுவை வாங்கி என்ன செய்வது? ரப்பர் இறுகிப்போன பழைய டயரை வைத்துக்கொண்டு புதிய காலிப்பர் வாங்குவது, செருப்பு வழுக்குகிறது என்று கைத்தடிக்குப் பூண் கட்டுவது போன்றது.

அப்படியானால் பெரிய பிரேக்குக்கு வேலையே இல்லையா? உண்டு. அது வலுவைப் பற்றியதன்று, வெப்பத்தைப் பற்றியது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறியே தீரவேண்டும். வேறு போக்கிடம் இல்லை. ஆளும் பொருளுமாக 2,300 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்றால் ஏறத்தாழ 23 இலட்சம் ஜூல். ஏழரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இத்தனையும் சில நொடிகளுக்குள். இதில் பத்தில் ஏழு பங்கு முன் பிரேக்கின் தலையில் விழுகிறது. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 12 கிலோ வார்ப்பிரும்பு என்று கொண்டால், ஒரே நிறுத்தலில் அவற்றின் வெப்பம் சுமார் 140 டிகிரி ஏறும். முதல் முறை கவலையில்லை. இரண்டாம் முறையும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆற நேரம் கொடுக்காமல் ஐந்தாம் முறை மிதிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பேட்டில் உள்ள பிசின் சிதைந்து வாயு கிளம்பும், உராய்வு சரியும், கால் அழுத்தும், வண்டியோ கேட்காது.

விளம்பரங்களில் பெரும்பாலும் அச்சாவது முதல் நிறுத்தலின் தூரம். ஆற வைத்த பிரேக், புதிய டயர், காலித் தொட்டி. ஐந்தாம் நிறுத்தலின் தூரத்தையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று ஒரு விதி செய்தால், பாதிக் கடைகளின் சிவப்பு வர்ணம் வெளுத்துவிடும்.

இந்த உண்மை புதிதன்று. டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902-லேயே காப்புரிமை பெற்றார். அதன் அருமையை உலகம் உணர்ந்தது 1953-இல், பிரான்சு நாட்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில். டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் டிரம் பிரேக் கார்களை முந்தி வென்றது. டிரம் சூடேறினால் விரிந்து, அழுத்தும் கட்டையை விட்டு விலகும். மிதி ஆழம் போகும். டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் விரைவில் ஆறும். விரிந்தாலும் பேட்டை நோக்கியே விரியும். முதல் சுற்றில் பிடித்தது போலவே நூறாவது சுற்றிலும் பிடித்ததுதான் அந்த வெற்றியின் இரகசியம்.

நம் நண்பர் பந்தயம் ஓட்டப் போவதில்லை. ஆனால் அவர் இருப்பது மலைநாடு. அங்கே பைக்ஸ் பீக் என்று 14,000 அடிக்கு மேற்பட்ட சிகரம் ஒன்று. உச்சிவரை 19 மைல் சாலை. இறங்கி வருகிற வண்டிகளைப் பாதி வழியில் நிறுத்திப் பிரேக்கின் சூட்டை அளக்கிறார்கள். மிகுந்திருந்தால் ஆறும்வரை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. 2,300 கிலோ வண்டி சுமார் 1,900 மீட்டர் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 4 கோடியே 30 இலட்சம் ஜூல். 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்தொன்பது முறை நிற்பதற்குச் சமம்! எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்கினாலும் காலை மிதியிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் தோற்கும். கீழ் கியரில் போட்டால் எஞ்சினே பிடித்து நிறுத்திக்கொண்டு வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸை இறக்குகிறவர் நம்மைப்போல் பௌதிகம் படித்தவரல்லர். கியரைக் குறைக்காமல் அவர் இறங்குவதில்லை. செலவே இல்லாத பிரேக் அது.

கியருக்கு அடுத்தபடி மலிவானது பிரேக் ஆயில். இதை ஒருவரும் பேசுவதில்லை. சிவப்பு வர்ணம் பூச முடியாதல்லவா! சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய ‘டாட் 3’ ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஈரம் ஏறிய பின் 140 இருந்தால் போதும். ‘டாட் 4’ ஆயிலுக்கு 230, 155. ‘டாட் 5.1’ ஆயிலுக்கு 260, 180. ஆண்டுக்கணக்காக மாற்றாத ஆயில் மலையிறக்கத்தில் காலிப்பருக்குள்ளேயே கொதித்துவிடும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதி பஞ்சுபோலத் தரைவரை போகும். பிஸ்டன் ஆறு இருந்தாலும் அறுபது இருந்தாலும் அசையாது. பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று ‘டாட் 5’ ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. அது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்கலாகாது.

பேட்டைத் தேர்வதில் சற்று நிதானம் தேவை. அமெரிக்காவில் விற்கும் பேட்டுகளின் ஓரத்தில் எண்களுக்கிடையே இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலெழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வையும், இரண்டாம் எழுத்து மிகுந்த சூட்டில் உள்ள உராய்வையும் காட்டும். ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45, ‘ஜி’ அதற்கும் மேல். ‘எஃப் இ’ என்றிருந்தால் சூடேறச் சூடேறத் தளர்கிறது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. நம் நண்பருக்கு ‘எஃப் எஃப்’ போதும். பந்தயப் பேட் வாங்க வேண்டாம் என்று வற்புறுத்தி எழுதினேன். அது சூடேறிய பின்புதான் நன்றாகப் பிடிக்கும். கொலராடோவின் பனிக்காலத்துக் காலையில், வீட்டு வாசலில் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால், பிரேக் சூடேறும் வரை யார் காத்திருப்பது?

டிஸ்கில் துளையிடுவது பழைய காலத்துப் பேட்டிலிருந்து கிளம்பிய வாயு வெளியேறுவதற்கு. துளை போட்டால் இரும்பு குறைகிறது. வெப்பத்தை வாங்கிக்கொள்வதே அந்த இரும்புதான். போதாக்குறைக்கு, கடும் சூட்டில் துளையைச் சுற்றி விரிசல் தொடங்கும். வேலை செய்கிற வண்டிக்குத் துளையற்ற கனத்த டிஸ்க் சிறந்தது. அழகு வேண்டுமென்றால் வேறு எங்காவது தேடிக்கொள்ளலாம்.

அந்தப் பட்டியலில் என்னை மிகவும் உறுத்தியது ‘முன் சக்கரங்களுக்கு மட்டும்’ என்ற வரி. பிக்கப் வண்டியின் குணமே அதன் பின்புறம் நிலையில்லாதது. தொட்டி காலியாக இருக்கையில் வேகமாக நிறுத்தினால், எடை முன்னால் சாய்ந்து ஏறத்தாழ முக்கால் பங்கு முன் சக்கரங்களின்மேல் வந்துவிடும். மூட்டை ஏற்றிவிட்டாலோ பின் சக்கரமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். இவ்விரு நிலைக்கும் பொதுவாக ஓர் அளவைத் தொழிற்சாலைப் பொறியாளர்கள் பார்த்துப் பார்த்து அமைத்திருக்கிறார்கள். முன்னால் மட்டும் வலுவைக் கூட்டினால் அந்தப் பங்கீடு குலைகிறது. முன் டயர் விரைவில் தன் எல்லையைத் தொட, பின் டயர் சும்மா உருண்டுகொண்டிருக்கும். குறைந்த தூரத்தில் நிற்பதற்காகப் பணம் கொடுத்துக் கூடுதல் தூரத்தில் நிற்கும் நிலை வரலாம்! அன்றியும், பெரிய பிஸ்டன்களை நிரப்பக் கூடுதல் ஆயில் வேண்டும்; மிதி இயக்கும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் மிதி இன்னும் ஆழம் போகும். பாஸ்கல் விதி கடைக்காரருக்காக வளைந்து கொடுக்காது.

ஒன்றை மறுப்பதற்கில்லை. நன்கு அமைந்த பெரிய பிரேக்கில் மிதி உறுதியாக இருக்கும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்பது காலுக்குத் தெளிவாகத் தெரியும். மலைச்சாலையில் பின்னால் படகோ வீடோ இழுத்துச் செல்கிறவருக்கு அது வீண் செலவன்று.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இது: இவ்வாண்டு டயரும், டாட் 4 ஆயிலும், நல்ல பேட்டும் மாற்று. புதுப் பேட்டை மிதமான வேகத்தில் பலமுறை பிடித்து, இடையிடையே ஆறவிட்டுப் பழக்கு. டிஸ்கின் ஓரத்தில் பூசினால் சூட்டுக்கேற்ப நிறம் மாறும் வர்ணம் விற்கிறார்கள்; பூசிக்கொண்டு வழக்கமாகப் போகும் மலைவழியில், கியரைக் குறைத்து, ஒரு மாதம் ஓட்டு. நிறம் மாறாவிட்டால் பழைய டிஸ்கே போதும். மாறினால், நான்கு சக்கரத்துக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் சேர்த்துக் கணக்கிட்ட தொகுதியாக வாங்கு. தொட்டி காலியாக ஒரு முறை, மூட்டை ஏற்றி ஒரு முறை சோதித்துக் காட்டுகிற கடையாகப் பார். வர்ணத்துக்கு ஆன செலவை அவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். நிறத்தைப் பற்றிய கடிதம் இன்னும் வரவில்லை.