நானாட்டான் நெல்லை நானாட்டான் பிள்ளை உண்ணட்டும்

அருவியாற்று நீர் கட்டுக்கரைக் குளத்தை நிரப்ப, குளம் நானாட்டான் வயல்களை விளைவிக்கிறது. சற்று மேற்கே, வங்காலைக் கரையில் சூடை மீன் இறங்குகிறது. வேலிக்கு வேலி முருங்கை நிற்கிறது. நல்ல சாப்பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் பாடசாலை விட்டு வரும் பிள்ளையின் கையில் சோடாப் போத்தலும் பிஸ்கட் பைக்கற்றும்தான்.

இதற்காகத் தாயைக் குறை சொல்வது அநியாயம். விடிய எழுந்து வயலுக்கோ கூலிக்கோ போகிறவளுக்குக் கடையில் எது மலிவாகவும் சமைக்காமல் கொடுக்கக்கூடியதாகவும் கிடைக்கிறதோ, அதுதான் வீட்டுக்கு வரும். 2018–19இல் நடந்த நாடளாவிய ஆய்வில் வளர்ந்தோரில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அவரவர் வாய்க்கட்டால் மட்டும் தீரக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது இந்த நோய்.

அரசு எதுவும் செய்யாமல் இருக்கவில்லை. 2016இல் மென்பானப் போத்தல்களில் நிறக்குறி வந்தது; 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2017 நவம்பரில் கிராமுக்கு 50 சதம் சீனி வரி வந்தது. நல்ல வரி. கம்பனிகள் சீனியைக் குறைக்க வேண்டிய நெருக்கடியை அது உண்டாக்கியிருக்கும். ஆனால் அடுத்த ஆண்டே அதைத் தளர்த்தினார்கள். மெக்சிக்கோ 2014இல் கொண்டுவந்த வரியைக் கைவிடாமல் வைத்திருக்கிறது; நாம் ஏன் தளர்ந்தோம் என்று கேட்கும் உரிமை வாக்காளருக்கு உண்டு.

வரி கெட்டதன் விலையை ஏற்றும். நல்லதைக் கிட்டக் கொண்டுவருவது வேறு வேலை. அதற்கு வழிகாட்டியாக வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்கள் இருக்கின்றன. குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் பெண்கள் கண்முன்னே சமைத்து, கட்டுப்படியாகும் விலைக்கு விற்கிறார்கள். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் பயணிகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். நானாட்டான் பஸ் தரிப்பிடத்தருகே ஒரு சிறிய அம்மாச்சி போதும், இங்குள்ள பெண்களுக்கு வருமானமும் பிள்ளைகளுக்கு மாலைச் சிற்றுண்டியும் கிடைக்க.

இன்னும் பெரிய வாய்ப்பு பாடசாலை மதிய உணவு. 2024 முதல் அது ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்றானது. அரிசியும் மீனும் கீரையும் தினமும் தவறாமல் வாங்கப்படும் சந்தை அது. அந்தப் பணம் முருங்கன், நானாட்டான் விவசாயிகளின் சிவப்பரிசிக்கும் வங்காலை மீனவரின் பிடிபாட்டுக்கும் நேரே போகட்டும். கூட்டுறவுச் சங்கம் கொள்வனவை ஏற்கட்டும். பிரதேச செயலகம் அடுத்த தவணை தொடங்குமுன் விவசாயி, மீனவர், கூட்டுறவுச் சங்கம் ஆகிய மூவரையும் ஒரே மேசையில் கூட்ட வேண்டும்.