நியமகிரியைச் சால்வையில் தைப்பவர்கள்



அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷினிலும் செக்கிங் டேபிளிலும் நம்மோடு நிற்கும் ஒடிசாத் தம்பி தங்கைகளை உங்களுக்குத் தெரியும். அவர்கள் மாநிலத்து மலை ஒன்றைப் பற்றி இந்த மாதம் எழுத ஆசை.

ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது நியமகிரி. அங்கே வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடியினருக்கு மலைதான் நியம ராஜா. குலமுதல்வரும் அவர்தான், சாமியும் அவர்தான். உச்சிக்காட்டில் கோடாலி வைக்க மாட்டார்கள். அங்குள்ள பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுப் படிவம் மழைநீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடைகளுக்கு விடுகிறது. அந்த நீர்தான் வம்சதாரா ஆற்றோடு ஓடி, ஆந்திரத்தின் கலிங்கப்பட்டினத்தில் கடலைச் சேர்கிறது.

வேதாந்தா குழுமத்தின் லாஞ்சிகர் ஆலைக்காக அதே பாக்சைட்டை வெட்டியெடுக்கத் திட்டம் வந்தது. மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அவர்களுடைய வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோபுரமோ கருவறையோ இல்லாத ஒரு சாமிக்காக வந்த இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஜூலை, ஆகஸ்டில் 12 மலைக்கிராமங்களில், நீதிபதி ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்கச் சபை கூடியது. 12 ஊரும் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

நம் நொய்யலும் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற ஆறுதான். சாயக்கழிவிலிருந்து அதைக் காக்க, 2011இல் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் வேலையில்லாமல் தவித்த வீடுகள் நம் தெருக்களில் எத்தனை!

தையல்காரர்களான நமக்கு இன்னொரு சேதி. டோங்ரியா பெண்கள் ‘கப்டகண்டா’ என்றொரு சால்வைக்குப் பூவேலை செய்கிறார்கள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி எல்லாம் கிடையாது. ஊசியும் நூலும் கையும்தான். வெள்ளைத் துணியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நூலில் வரிசையாக முக்கோணங்கள் விழும். அவை நியமகிரியின் முகடுகள். மனதுக்குப் பிடித்தவனுக்கோ கூடப்பிறந்தவனுக்கோ அன்போடு கொடுப்பார்கள். 2024இல் இந்தச் சால்வைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உங்கள் லைனில் ஒடிசாக்காரர் இருந்தால், டீ டைமில் அவர் ஊர் மலையைப் பற்றியும் ஊர்ச் சாமியைப் பற்றியும் கேளுங்கள். அவர் சொல்வதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்