நாஷ்வில்லில் எங்கே உண்பது?

வெளியூர் செல்பவர் முதலில் விசாரிப்பது நல்ல சாப்பாட்டுக் கடையைத்தான். அதில் குற்றமொன்றுமில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், டென்னெஸீ மாநிலத்தின் தலைநகராய் விளங்குவது நாஷ்வில். சங்கீதத்திற்குப் பேர்போன ஊர். ஓய்வு நாட்களைக் கழிக்க அங்கே செல்வோருக்கு வழிகாட்டிப் புஸ்தகங்கள் பிராட்வே வீதியைக் காட்டும். வாத்திய முழக்கமும் மதுவும் அங்கே பெருகி ஓடுகின்றன. மதுவைப் பற்றிய நமது அபிப்பிராயம் வாசகர் அறிந்ததே. சர்க்கரையிட்ட குளிர்ந்த தேநீர் தென்னாட்டு அமெரிக்கர் வீடுதோறும் அருந்தும் பானம். தாகத்திற்கு அது போதும். ஆனால் அந்நகரில் எங்கே உண்பது என்ற கேள்விக்கு ருசி ஒன்றே விடையாகாது என்பது நமது கட்சி.

1960-ம் வருஷம் வரை அந்நகரின் நடுவிலிருந்த பெருங்கடைகளில் கறுப்பர் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம்; அவர் கொடுக்கும் காசில் தீட்டு இல்லை. அதே கடையின் சிற்றுண்டி மேடையில் உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பி கேட்டால் மட்டும் கிடைக்காது. காசுக்கு இடமுண்டு, மனிதனுக்கு இடமில்லை!

இந்த அநீதியை வீழ்த்திய ஆயுதம் நம் நாட்டிலிருந்து சென்றது. கொரியா யுத்த காலத்தில் ராணுவ சேவையை மறுத்துச் சிறை புகுந்த ஜேம்ஸ் லாஸன் என்ற இளைஞர், விடுதலையான பின் 1953-ல் நாகபுரிக்கு வந்தார். கல்லூரியொன்றில் பணியாற்றிக்கொண்டே காந்தியடிகளின் ஸத்தியாக்கிரக முறையை ஊன்றிக் கற்றார். தாய்நாடு திரும்பி நாஷ்வில்லில் குடியேறி, கிறிஸ்தவ ஆலயமொன்றில் மாணவர்களைக் கூட்டிப் பயிற்சி அளித்தார். அடித்தால் திருப்பி அடியாதே, ஏசினால் எதிர்த்து ஏசாதே, நிமிர்ந்து உட்கார், மரியாதை தவறாதே: இவை அவர்கள் மேற்கொண்ட விதிகள். டயேன் நாஷ், ஜான் லூயிஸ் முதலியோர் அப்பாசறையில் உருவானவர்களே.

1960 பிப்ரவரி 13-ந் தேதி நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் அம்மேடைகளில் சென்று அமர்ந்தனர். இரண்டு வாரத்திற்குள் முரடர்கள் அவர்களை அடித்து உதைத்தனர். போலீஸார் கைது செய்ததோ அடிபட்டவர்களை! அபராதம் கட்ட மறுத்து அவர்கள் சிறை ஏகினர். லாஸனை வாண்டர்பில்ட் சர்வகலாசாலை நீக்கியது. கறுப்பு ஜனங்கள் அக்கடைகளைப் பகிஷ்கரித்தனர். ஏப்ரல் 19-ந் தேதி, மாணவர்களுக்காக வாதாடிய வக்கீல் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நகரசபைக்கு நடந்தனர். நிறத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது தவறா என்று டயேன் நாஷ் நேருக்கு நேர் கேட்க, மேயர் வெஸ்ட் தவறு என்றே ஒப்பினார். மே 10-ந் தேதி மேடைகள் திறந்தன. ஒரு கோப்பை காப்பிக்குக் கொடுத்த விலை அத்துணை!

ஆகவே நாஷ்வில் செல்லும் அன்பர் முதலில் நகர நூலகத்திற்குச் செல்க. அங்கே அந்த மேடையை நினைவூட்டும் ஒன்றை அமைத்து, மாணவர்களின் விதிகளை அதிலேயே பொறித்திருக்கிறார்கள். பிறகு பசியாறச் செல்க. அந்நகரின் கீர்த்தி பெற்ற காரக் கோழி, பிரின்ஸ் என்ற கறுப்பர் குடும்பம் 1930-களில் துவக்கிய கடையில் பிறந்தது. மிளகாய்க்கு அஞ்சாத நம்மவருக்கும் அது சோதனையே. வடக்கு நாஷ்வில்லில் 1954 முதல் நடக்கும் ஸ்வெட்ஸ் போஜனசாலையில் ஒரு மாமிசமும் மூன்று கறிவகையும் தட்டில் வைத்துத் தருவர். அந்நாட்டு உணவிலுள்ள வெண்டைக்காயும் காராமணியும் அடிமைக் கப்பல் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அக்கரை சென்றவை. சைவர்கள் மட்டும் கீரையைக் கேட்டு வாங்குக. அதைப் பன்றி இறைச்சியுடன் வேகவைப்பது அங்கே வழக்கம்.

அப்பகுதிக்கு உங்கள் பணம் போவதில் நியாயமும் உண்டு. கறுப்பர் வியாபாரம் செழித்திருந்த ஜெபர்ஸன் வீதியை 1960-களின் பிற்பகுதியில் நெடுஞ்சாலை ஒன்று பிளந்து சென்றது. வழக்காடியும் பயனில்லை, கடைகள் அழிந்தன. மேடையில் இடம் கிடைத்தவர்கள் சொந்த வீதியை இழந்தார்கள். சட்டம் திறந்த கதவு மட்டும் சமத்துவமாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இக்கதையைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்ளுமுன், நம் ஊர்த் தேநீர்க் கடையைத் திரும்பிப் பார்ப்போமாக. 1950-ல் அமுலுக்கு வந்த நமது அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. உணவுச்சாலைகளில் எவரையும் சாதி காரணமாகத் தடுக்கலாகாது என்றும் விதித்தது. இருந்தும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் இரட்டைக் குவளை இன்னும் இருப்பதாகச் செய்திகள் வந்தவண்ணமிருக்கின்றன. நாகபுரியில் கற்ற பாடத்தை ஓர் அந்நியர் கடல் கடந்து நடத்திக் காட்டினார். பாடம் பிறந்த நாட்டில் குவளை இரண்டாக இருப்பது யாருக்கு வெட்கம்? இரண்டாவது குவளை வைத்திருக்கும் கடையில் நாம் முதற் குவளையைத் தொடுவதில்லை என்று ஒவ்வோர் அன்பரும் உறுதி கொள்க. லாஸனுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.