அம்மாவுக்கு நாலு மணி நேரம்

2022 நவம்பர் 27 அன்று மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு ஒரு கோடி ரூபாய்க்கு மேல். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து கடலோரப் பகுதியைப் பெயர்த்துப் போட்டது. வரிப்பணம் கடலில் போனதாகக் கேலி பேசியவர்கள் நிறைய. பாதை பின்னர் சரிசெய்யப்பட்டது.

கேலி பேசியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அந்தப் பாதை வருவதற்கு முன்பு, சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையோடு கடற்கரைக்கு வரும் குடும்பம் என்ன செய்திருக்கும்? மணல் தொடங்கும் இடத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டு, அப்பா பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார். ஐந்து வயதுவரை அது முடியும். பன்னிரண்டு வயதில் முடியாது. அப்புறம் அம்மாவும் பிள்ளையும் ஓரமாக உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் போய்க் கால் நனைத்துவிட்டு வருவார்கள். நாளடைவில் அந்த வீட்டில் கடற்கரைப் பேச்சே எழாது. ஆக, பாதை பிள்ளைக்காகப் போடப்பட்டாலும் வெளியே வந்தது குடும்பம் முழுவதும்தான்.

நமது திட்டங்களில் பெரும்பாலானவை பிள்ளையோடு நின்றுவிடுகின்றன. பிள்ளையைச் சுமக்கும் வீடு அவற்றின் கணக்கில் வருவதில்லை.

சட்டத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. சாதாரண நகரப் பேருந்தில் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. வட்டார வள மையங்களில் பிசியோதெரபி, உலக வங்கிக் கடனுதவியோடு 'விழுதுகள்' சேவை மையங்கள் என்று பட்டியல் நீளமானதுதான்.

ஆனால், வள மையத்துக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு சேவை அங்கே நடப்பது தெரியும். உள்ளே பிள்ளைகளுக்குப் பயிற்சி; வெளியே அம்மாக்களின் பேச்சு. அடையாள அட்டை புதுப்பிக்க எந்தக் கிழமை டாக்டர் வருகிறார், வலிப்பு மாத்திரை ஜி.எச்.சில் இருக்கிறதா, காலிப்பருக்கு அளவெடுக்கும் முகாம் எப்போது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும் பையனை எப்படித் தூங்கவைப்பது... அலுவலகத்தில் நாலு தடவை அலைந்தாலும் கிடைக்காத விவரம் இங்கே நாலு நிமிடத்தில் கிடைத்துவிடும். அப்பாக்கள் அந்தப் பெஞ்சில் அபூர்வம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் முறை முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும் என்பதால் பேச்சு பாதியில் அறுந்துபோகும்.

இப்படிப்பட்ட சொந்த அனுபவத்திலிருந்துதான் நிறுவனங்களே முளைத்தன. சென்னையின் வித்யாசாகரை 1985இல் தொடங்கிய பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தாய். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தச் சங்கத்தின் களப்பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், பிள்ளையை எப்படி உட்கார வைப்பது, எப்படிச் சாப்பிட வைப்பது என்று தாய்க்குச் சொல்லித் தருகிறார்கள். அருமையான முறை. ஆனால், ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லாத ஒருத்தியின் தலையில் அது இன்னொரு வேலையாகவும் வந்து உட்காருகிறது.

அவளால் நூறு நாள் வேலைக்குப் போக முடியாது. காய்ச்சல் வந்தாலும் படுக்க முடியாது. சொந்தத்தில் கல்யாணம் என்றால், பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வரச் சொல்லிப் பத்திரிகை வைக்கிறார்கள். யாரிடம் விடுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தேசிய அறக்கட்டளையின் 'சமர்த்' திட்டம் தற்காலிகத் தங்கலுக்கு வழிசெய்கிறது. ஆனால், முகம் தெரியாதவர்களிடம், தெரியாத ஊரில் பிள்ளையை விட்டுவர எந்தத் தாய்க்கு மனசு வரும்?

பக்கத்துத் தெருவிலேயே ஏற்பாடு வேண்டும். ஊருக்கு ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பெண்களுக்குப் பயிற்சியும் கூலியும் கொடுத்து, சனிக்கிழமை நாலு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் செய்யலாம். தெரிந்த இடம், தெரிந்த முகம். அக்கா தங்கைகளும் கூட வந்து விளையாடட்டும். குட்டிக் காவலாளிகளாகவே வளரும் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த நாலு மணி நேரத்தில் அம்மா சந்தைக்குப் போகலாம், மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்து அறுந்த பேச்சைத் தொடரலாம், தூங்கலாம். தூக்கம்தான் பலருக்கு முதல் தேவை.

பணம்? டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் இசை நாற்காலி, எவர்சில்வர் டப்பா பரிசு, அலுவலரோடு போட்டோ என்று விழா எடுக்கிறோம். அதை நிறுத்த வேண்டாம். அதற்கு வரும் நன்கொடையாளர்களிடம் மற்ற பதினொரு மாதத்துக்கும் கேட்டுப் பார்க்கலாம். மீதியை ஊராட்சி போடலாம்.

ஊராட்சியில் பேசவும் இனி ஆள் உண்டு. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வகைசெய்யும் மசோதாக்கள் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறின. 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் ஒவ்வொன்றிலும் ஓர் இடம். அந்த உறுப்பினர் கொண்டுவரும் முதல் தீர்மானம் சமுதாயக் கூடத்தைப் பற்றியதாக இருக்கட்டும்: வாசலில் ஒரு சாய்தளம், நாற்காலி நுழையும் அகலத்தில் கழிப்பறைக் கதவு, சனிக்கிழமைகளில் வாடகை இல்லாமல் சாவி.