நான்கு மணிக்குப் பிறகு

2025 ஏப்ரல் நடுவில் பெங்களூரில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். ஒன்றாம் வகுப்பில் சேர ஜூன் 1ஆம் தேதிக்குள் ஆறு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதியை, 2025-26 ஓராண்டுக்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதமாகத் தளர்த்துவதாகக் கர்நாடகக் கல்வி அமைச்சர் மது பங்காரப்பா அறிவித்திருந்தார். எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்து மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் சேரும் பிள்ளைகளுக்குத்தான் இந்தச் சலுகை. 2026-27இலிருந்து ஆறு வயது என்றால் ஆறு வயதுதான் என்றார்.

ஆறு வயது விதி 2022இல் போட்ட உத்தரவு. பழைய வயதுக் கணக்கை நம்பி மழலையர் வகுப்பில் சேர்த்தவர்கள் அப்போதே முறையிட்டார்கள், அரசு 2025-26க்குத் தள்ளிவைத்தது. அந்த ஆண்டும் வந்தது, மறுபடி முறையீடு, மறுபடி தளர்வு. ஆறு வயது என்பது என் கருத்தில் சரியான வயது. மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, நான்கு கோடு போட்ட நோட்டில் எழுத்தை இறுக்கிப் பிடிக்கவைப்பதை எதிர்த்து முன்பே எழுதியிருக்கிறேன். விரல் எலும்பு முற்றாத பிள்ளை அது. மணலைப் பிசையட்டும், தண்ணீரை ஊற்றி விளையாடட்டும், கதை கேட்கட்டும். அந்தக் கட்சியிலிருந்து நான் இன்றைக்கும் மாறவில்லை.

ஆனால் அந்த வாரம் எனக்கு வந்த கோபம் வேறு. ஆறு வயதின் வாசலில் ஏழு மாதம் முன்னா பின்னா என்று ஊரே கூடி வாதாடியது. தொலைக்காட்சியில் விவாதம், அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பிறந்த தேதிக் கணக்கு. அந்த வாசலுக்கு வந்து சேருமுன் பிள்ளை கழித்த ஆறு ஆண்டுகள் எங்கே கழிந்தன, யார் மடியில் கழிந்தன என்று கேட்க ஒருவரும் இல்லை.

கேட்க நாதியே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 2024 ஜூலையில் பெங்களூரின் 250 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை முதல்வர் சித்தராமையா தொடங்கிவைத்தார். அதற்கு முந்தைய மாதம்தான் அங்கன்வாடி ஊழியர்கள் ஃப்ரீடம் பார்க்கில் திரண்டிருந்தார்கள். அரசுப் பள்ளிகளிலேயே மழலையர் வகுப்பு திறந்தால் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள், அங்கன்வாடிகள் காலியாகும் என்பது அவர்கள் அச்சம். அந்தப் போராட்டத்துக்குப் பலன் கிடைத்தது. அங்கன்வாடிக்கே வகுப்பு வந்தது. ‘சர்க்காரி மாண்டிசோரி’ என்று பெயரும் வந்தது.

அந்தப் பெயரைப் பார்த்ததும் என் மனம் நிறைந்தது. இந்த ஊரில் மாண்டிசோரி என்றால் இந்திராநகரும் ஜெயநகரும். வழுவழுப்பான மரச்சாமான்கள், கட்டணத்தைக் கேட்டால் நம் வீட்டு வாடகை நினைவுக்கு வரும். ஆனால் மரியா மாண்டிசோரி அம்மையார் தொடங்கியது அப்படிப்பட்ட இடத்தில் அல்ல. இதைச் சொல்லியே ஆக வேண்டும், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்று ஒரு கூலிக்காரர் பேட்டை. ஒரு கட்டடக் கம்பெனி அங்கிருந்த பாழடைந்த குடியிருப்புகளைச் சீர்செய்து ஏழைக் குடும்பங்களைக் குடிவைத்தது. பொழுது விடிந்தால் அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் மூன்று வயதும் ஐந்து வயதும் நாள் முழுக்க மாடிப்படியில் ஓடி, புதுச் சுவரைக் கிறுக்கி, பூச்சைப் பெயர்த்து வைக்கும். பழுது பார்க்க ஆகிற செலவுக்கு, இவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டுவிடலாமே என்று கம்பெனி கணக்குப் போட்டது. அதற்காகக் கூப்பிட்டவர்தான் டாக்டர் மாண்டிசோரி. 1907 ஜனவரி 6ஆம் தேதி அந்தக் குழந்தைகள் இல்லத்தின் கதவு திறந்தது. இன்று உலகமெங்கும் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் முறை, வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு குடியிருப்பின் அறையில் பிறந்தது.

அவருடைய முதல் பெரிய நூலின் ஆங்கிலப் பதிப்பு 1912இல் வந்தது. அதன் மூன்றாம் அத்தியாயத்தை நான் எத்தனை பேரிடம் படிக்கச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. 1907இல் மற்றொரு குழந்தைகள் இல்லத்தைத் திறந்துவைத்து அவர் ஆற்றிய உரை அது. அட்டைகளையும் மணிகளையும் சிலிண்டர்களையும் தேடி அந்தப் புத்தகத்தை எடுப்பவர்கள் இந்த அத்தியாயத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் அவர் பேசுவது தாயைப் பற்றி. பெண் கூலி வேலைக்குப் போகும் காலம் வந்துவிட்டது. இதுவரை பணக்காரி மட்டுமே தன் பிள்ளையை நம்பிக்கையான ஒருத்தியிடம் விட்டுவிட்டு வெளியே போக முடிந்தது. இனி கூலிக்காரியும் அப்படிப் போகலாம், ஏனென்றால் தாய் செய்யும் வேலையின் ஒரு பங்கைக் குடியிருப்பே பொதுவாக ஏற்றுக்கொள்கிறது என்கிறார். நோயுற்ற பிள்ளைக்கு அந்தக் கட்டடத்திலேயே ஓர் அறை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை என்று அவர் எண்ணம் விரிந்துகொண்டே போகிறது. ஆசிரியை அந்தக் குடியிருப்பிலேயே வசிக்க வேண்டும் என்பது விதி. வாரத்துக்கு ஒருமுறையாவது தாய் வந்து அவரிடம் பேச வேண்டும் என்பதும் விதி.

1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபையில் பயிற்சி வகுப்பு நடத்தியதும், இத்தாலி போரில் இறங்கியவுடன் ஆங்கிலேய அரசு மகனைப் பிரித்து முகாமில் வைத்ததும், பிறகு தாயும் மகனும் கொடைக்கானலில் சில ஆண்டுகள் இருந்ததும் நம்மவர்களில் பலருக்குத் தெரிந்த கதை. அவரிடமிருந்து நாம் சாமான்களையும் சான்றிதழையும் வாங்கிக்கொண்டோம். மூன்றாம் அத்தியாயத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

வாங்கிக்கொண்டவர்கள் ஒரு சிலர் இருந்தார்கள். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக்கும் அவருடைய சீடர் அனுதாய் வாக்கும். போர்டி கிராமத்தில் 1945இல் தொடங்கி, பிறகு கோஸ்பாட் குன்றுக்குப் போனார்கள். அங்கே இருந்தவர்கள் வார்லி பழங்குடிகள். விலை உயர்ந்த சாமான்களுக்குப் பதில் விதையும் சங்கும் கூழாங்கல்லும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். பெரிய பெண்பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று பார்த்தால், ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி ‘விகாஸ்வாடி’. கைக்குழந்தைக்குக் காப்பகம், மூன்று வயதுக்குப் பாலர் பள்ளி, அக்காளுக்குத் தொடக்கப் பள்ளி, மூன்றும் ஒரே வளாகத்தில். அக்காள் தம்பியைத் தூக்கிக்கொண்டே வரலாம். வந்ததும் இறக்கிவிட்டுப் படிக்கப் போகலாம். நம் நாட்டில் குழந்தைக் கல்வி பற்றி யோசித்தவர்களில் இவ்வளவு தெளிவாகக் கண் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த அக்காளைப் பெங்களூரின் ஈஜிபுராவில் பார்த்தேன்.

2025 மார்ச், பள்ளிகள் இன்னும் நடந்துகொண்டிருந்த நேரம். வாடகைக் கட்டடத்தில் ஓர் அறை அங்கன்வாடி. நான்கு மணி. பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பாட்டிமாரும் அண்ணிமாரும் வந்து கூட்டிப்போனார்கள். மிஸ் பதிவேட்டை மூடிவிட்டார். ஆயாம்மா அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நாலு வயதுப் பையன் ஒருவன் மட்டும் செருப்பைக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நாலரை தாண்டி, அரசுப் பள்ளிச் சீருடையும் முதுகில் பையுமாக ஒரு பெண் ஓடி வந்தாள். ஒன்பது வயது இருக்கும். வந்ததும் முதல் வேலையாக அவன் செருப்பைச் சரியாக மாட்டிவிட்டாள்.

“அம்மா எப்போ வருவாங்க?” என்று கேட்டேன்.

“கார்மெண்ட்ஸ் ஆன்ட்டி, பொம்மனஹள்ளில. ஏழு ஆகும். ஓ.டி. இருந்தா எட்டு, எட்டரை.”

“அதுவரைக்கும்?”

“நான் பாத்துக்குவேன். பால் காய்ச்சிக் குடுத்துடுவேன். அரிசியும் கழுவி வெச்சுடுவேன்.”

ஒன்பது வயதுப் பெண் தினமும் ஆளில்லாத வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிறாள். இதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். வீட்டுப்பாடம் எப்போது என்று கேட்டதற்குத் தம்பி தூங்கினதும் என்றாள். கோடை விடுமுறை வந்தால், காலையிலிருந்தே அவள் பொறுப்புதான்.

தாயின் நாளைக் கணக்குப் பாருங்கள். ஒன்பது மணி ஷிப்டுக்கு எட்டு மணிக்கு முன்பே பஸ் ஏற வேண்டும். சக்தி திட்டத்தில் டிக்கெட் இலவசம், அது பெரிய உதவி என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்கிறாள். ஆனால் சில்க் போர்டு சந்திப்பில் பஸ் நிற்கிற நேரத்தை எந்தத் திட்டமும் குறைக்கவில்லை. ஐந்தரைக்கு மிஷினை நிறுத்தினாலும் வீடு சேர ஏழு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லியிருந்தது. பல ஆலைகளில் அறையும் இருக்கிறது. காலை நெரிசலில் ஒற்றைக் காலில் தொங்கும் பஸ்ஸில் பிள்ளையை எப்படிக் கொண்டுபோவது என்றுதான் தாய்மார் கேட்கிறார்கள். பிள்ளைக்குக் காப்பகம் தெருவில் வேண்டும். ஆலையில் இருந்து புண்ணியமில்லை.

இதற்கிடையே, 2023 பிப்ரவரியில் கர்நாடக சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, ஒரு நாளின் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்டிக்க வழி செய்தது. பெண்களின் இரவு வேலைக்கும் கதவு திறந்தது. தாயின் நாளை நீட்டுகிற கையெழுத்து ஒரு துறையில் விழுந்தது. பிள்ளையின் நாள் நான்கு மணிக்கு முடிவதை இன்னொரு துறை அப்படியே வைத்திருக்கிறது. இரண்டு கோப்புகளும் ஒரே விதான சௌதா தலைமைச் செயலகத்தில்தான் இருக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

காப்பகத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. கிராமங்களில் நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மாருக்காக 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் ‘கூசின மனெ’ என்று குழந்தைக் காப்பகங்களை 2023இல் கர்நாடகம் அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் ஈஜிபுரா பஞ்சாயத்து அல்லவே. ஒன்றிய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் நாடு முழுக்க 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகங்களாகவும் நடத்த இலக்கு. அதன் விதிப்படி மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். எட்டு மணி நேர வேலை, அரைமணி சாப்பாடு, போக வர இரண்டு மணிக்கு மேல். ஏழரை என்ற எண்ணை யார் எந்தத் தாயைக் கேட்டு எழுதினார்கள்?

சரி, மிஸ்ஸையே ஏழு மணிவரை இருக்கச் சொல்லலாமா? அதைக் கேட்கிற யோக்கியதை நமக்கு இல்லை. 2025 மார்ச் பட்ஜெட்டில் ஊழியருக்கு 1,000 ரூபாயும் உதவியாளருக்கு 750 ரூபாயும் கூட்டிய பிறகும் அவர்கள் வாங்குவதன் பெயர் மதிப்பூதியம்தான், சம்பளம் அல்ல. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அஜய் ரஸ்தோகியும் அபய் ஓகாவும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பதிவேடு, கைப்பேசிச் செயலி, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குச் சாப்பாடு, தேர்தல் வந்தால் அந்த வேலை, இப்போது எல்.கே.ஜி. பாடமும். இதற்கு மேல் அவர் தலையில் மாலை நேரத்தையும் ஏற்றுவது கொடுமை. வேண்டியது இரண்டாவது ஷிப்ட். அதற்கு வேறு இரண்டு பேர், முழுச் சம்பளத்தோடு.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. கர்நாடகத்தில் முதலில் கால்வைத்த இடம் மைசூர் மாவட்டத்து டி. நரசிபுரா. 2025 அக்டோபரில் ஐம்பது ஆண்டு நிறைந்தது. மேடையும் மாலையும் இருக்கட்டும். அந்த 250 மையங்களில் மாலை ஏழுவரை கதவு திறந்திருக்கும் என்று ஓர் உத்தரவு வந்தால், மாண்டிசோரி என்ற பெயருக்கு இந்த அரசு முழுத் தகுதி பெறும். அங்கே மாலையில் எழுத்தும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். தூங்க ஒரு பாய், கொஞ்சம் விளையாட்டு, கன்னடமோ தமிழோ தெலுங்கோ அந்தப் பிள்ளைக்குப் புரிகிற பாஷையில் ஒரு கதை. கோஸ்பாட்டில் செய்ததுபோல அக்காளும் பையோடு உள்ளே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதலாம்.

ஈஜிபுரா மிஸ்ஸிடம் இதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை, விரல் விட்டுச் சொன்னார். காலையில் கொடுக்கிற க்ஷீரபாக்யா பால் போல மாலைக்கும் ஒரு வேளை. சுண்டல் அவிக்கக் கூடுதலாக ஒரு சிலிண்டர். கழிவறையில் ஒரு பல்பு, இப்போது இல்லை. பொறுப்பான இரண்டு பெண்கள், அவர்களை இந்தத் தெருவிலேயே தன்னால் காட்ட முடியுமாம். கடைசியாகக் கட்டடக்காரர் சம்மதம்: ஐந்து மணிக்கு மேல் அந்த அறையில் அவர் தன் கடைச் சரக்கை இறக்குகிறார், வாடகையைக் கூட்டித் தந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகப் போன வருஷமே சொல்லிவிட்டாராம்.